புளி போட்டுத் தேய்த்த பென்னிகள்: பட்டர்வொர்த் வீடு ஒன்றின் காசு டின்

டின் மைலோ டின். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட செம்புக் காசுகள். பாதிக்கு மேல் பிரிட்டிஷ் பென்னி, மிச்சத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலியப் பென்னி, ஓரமாக மலாயாவின் சதுர ஒரு சென் காசுகள் ஒரு கைப்பிடி. வீட்டின் பேரன் கைபேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறான். 1930 என்று போட்ட ஆஸ்திரேலியப் பென்னி ஒன்று இருந்தால் வீடே வாங்கலாம் என்று அதில் ஒருவர் சொல்லியிருக்கிறார். டின்னைக் கவிழ்த்துத் தேடியதில் 1930 கிடைத்தும் விட்டது. அதாவது, கிடைத்தது என்று நினைத்துக்கொண்டார்கள். பழங்காசு சேர்க்கும் பழக்கம் எனக்குப் பல வருடமாக உண்டு என்பதால் தெரிந்தவர் ஒருவர் வழியாக என்னைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டபோதே வீட்டுக்காரம்மா மகிழ்ச்சியோடு சொன்ன செய்தி: "நீங்க பார்க்கணும்னு எல்லாத்தையும் புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சு வச்சிருக்கேன் தம்பி."

இந்த ஆய்வின் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

டின் வந்த வழி

அந்த அம்மாவின் அப்பா டோபி. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையினருக்குத் துணி வெளுத்தவர். 1958-இல் தளம் ஆஸ்திரேலிய விமானப் படையின் கைக்கு மாறியபோதும் வேலை தொடர்ந்தது. ஆஸ்திரேலியர்கள் 1988 வரை அந்தத் தளத்தை நடத்தினார்கள். குடும்பத்தோடு வந்தவர்களில் பலர் பினாங்குத் தீவில் ஹில்சைட், தஞ்சோங் பூங்கா பக்கம் வாடகை வீட்டில் இருந்தார்கள். புதிதாக வந்திறங்கியவனின் சட்டைப் பையில் ஊர்க் காசு கிடக்கும். டோபி எடுத்துக் கொடுத்தால், இங்கே செல்லாத காசு எனக்கு எதற்கு, நீயே வைத்துக்கொள் என்பான். இங்கே புழங்கியது மலாயா டாலரும் சென்னும்தான். அதனால் அந்தப் பென்னிகள் யாரும் செலவழிக்க முடியாமல் டின்னிலேயே தங்கின.

இதை நான் விரிவாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. காசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், டின்னில் எது இருக்கலாம், எது இருக்கவே முடியாது என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். பிரிட்டனின் 1933 பென்னியைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். அது புழக்கத்துக்கென்று அடிக்கப்பட்டதே இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே உண்டு. அவற்றில் சில கட்டடங்களின் அடிக்கல்லுக்குள் வைக்கப்பட்டவை. விமானப் படைச் சிப்பாயின் சட்டைப் பையில் அது வர வழியில்லை. ஆஸ்திரேலியாவின் 1930 அப்படியல்ல. பொருளாதார மந்தக் காலம். அந்த ஆண்டு புதுப் பென்னிக்குத் தேவையே இல்லை. ஆனாலும் மெல்பர்ன் நாணயச்சாலையில் ஏறக்குறைய 1,500 காசுகள் அடிபட்டு, எப்படியோ வெளியே போய்ப் புழங்கின. பலர் கையில் தேய்ந்து, பேருந்துக் கட்டணமாகவும் ரொட்டிக் காசாகவும் அலைந்தன. ஆகவே டோபியின் டின்னில் அது இருக்க வாய்ப்பு மிகச் சிறியது என்றாலும், வாய்ப்பே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஒழுங்காகத்தான் பார்க்க வேண்டும்.

1930 போலத் தெரிந்தது

பார்த்தேன். 1936.

6-இன் மேல் வால் தேய்ந்து, அதே இடத்தில் ஒரு சிறு பள்ளமும் விழுந்திருந்தது. வெறும் கண்ணுக்கு 0 மாதிரிதான் இருக்கும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில், வால் இருந்த இடத்தில் உலோகம் லேசாக மேடு தட்டியிருப்பது தெரிந்தது. இதில் யாருடைய ஏமாற்று வேலையும் இல்லை, தேய்மானம் செய்த வேடிக்கை. வேண்டுமென்றே எண்ணைச் செதுக்கி 1930 ஆக்கிய காசுகளும் உலகத்தில் உண்டு. அவற்றில் எண்ணைச் சுற்றி உலோக மட்டம் இறங்கியிருக்கும், கருவியின் கீறல் தெரியும், அந்த இடத்து நிறமும் மாறுபடும். அதோடு, மன்னரின் தலையைச் சுற்றியுள்ள எழுத்துகள் விளிம்பில் மணி மணியாக ஓடும் புள்ளிகளுக்கு நேராக எப்படி நிற்கின்றன என்பதையும் ஒப்பிட வேண்டும். எண்ணை மாற்றுகிறவனால் அந்த வரிசையை மாற்ற முடியாது.

பேரன் முகம் வாடிவிட்டது. "அப்போ ஒண்ணுமே இல்லையா அங்கிள்?" என்றான். இருக்கிறது, ஆனால் நீ தேடிய இடத்தில் இல்லை என்றேன்.

அந்த 1936-ஐயே வைத்து அவனுக்கு நிலை பார்ப்பதைக் காட்டினேன். ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஆஸ்திரேலியக் காசில் மன்னர் கிரீடம் வைத்திருப்பார். கிரீடத்தின் பட்டையில் நடுவே ஒரு வைரம், இருபுறமும் முத்து வரிசை. சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பட்டையைத்தான். வைரமும் எட்டு முத்துகளும் தெளிவாக இருந்தால் காசு அதிகம் கைபடாதது. ஆறு முத்து தெரிந்தாலும் மரியாதை உண்டு. பட்டை முழுக்க மழுங்கியிருந்தால் அது நெடுநாள் உழைத்த காசு. இவர்களுடையதில் பட்டை இருந்த இடம் கன்னம்போல வழவழத்திருந்தது. அந்த நிலையில் 1936 பென்னிக்கு விலை என்று சொல்ல எதுவும் இல்லை.

தர வரிசைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்கள் புதியவரை ஏமாற்றும். 'ஃபைன்' என்றால் நல்ல காசு என்று நினைப்போம். சந்தையில் அது நன்றாகவே தேய்ந்த காசு. அதற்கு மேலே 'வெரி ஃபைன்', அதற்கு மேலே 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', உச்சியில் புழக்கத்துக்கே போகாத 'அன்சர்க்குலேட்டட்'. காசின் தரத்தை மதிப்பிடும் அமெரிக்கத் தர நிறுவனங்கள் 1 முதல் 70 வரை எண் கொடுக்கின்றன. செம்புக் காசுக்கு அவர்கள் எண்ணோடு நிறத்தையும் எழுதுவார்கள்: பழுப்பு, சிவப்பு கலந்த பழுப்பு, முழுச் சிவப்பு. அச்சிலிருந்து விழுந்த அன்றைய சிவப்பு பல பத்தாண்டு கழித்தும் மிச்சம் இருக்கிறதா என்பதற்குத் தனி விலை.

புளி செய்த வேலை

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைப்பூசத்துக்கும் பொங்கலுக்கும் குத்துவிளக்கையும் செம்பையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்த கை அது. கறுத்துக் கிடந்தால் அழுக்கு என்பதுதான் நம் வீட்டுக் கணக்கு. பாத்திரத்துக்கு அந்தக் கணக்கு சரி.

பென்னி வெண்கலம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கோ அதற்குச் சற்று மேலோ செம்பு, மீதி வெள்ளீயமும் துத்தநாகமும். காற்று பட்டுப் பட்டு அதன் மேல் பழுப்பாக ஒரு மெல்லிய படலம் ஏறும். அந்தப் படலம் காசின் மேல்தோல். புளியிலுள்ள அமிலம் அதைக் கரைத்துவிடும். உப்பு அதற்குத் துணைபோகும். தேங்காய் நார் மெல்லிய கீறல்களை இழுத்துவிடும். கீழே வருவது ரோஜா நிறத்தில் ஒரு வெறும் செம்பு. அதை அச்சுச் சிவப்பு என்று நினைத்து யாரும் ஏமாறமாட்டார்கள். அச்சிலிருந்து வந்த காசைச் சாய்த்துப் பார்த்தால் ஒளி வட்டமடித்து ஓடும். தேய்த்த காசில் ஒளி ஒரே தட்டையாகப் பரவி நிற்கும். சில மாதத்தில் பினாங்கின் ஈரக்காற்று பட்டு அது திட்டுத்திட்டாகக் கறுக்கவும் தொடங்கும். தர நிறுவனத்துக்கு அனுப்பினால் எண் தரமாட்டார்கள். 'டீட்டேல்ஸ்' என்று போட்டு, சுத்தம் செய்யப்பட்டது என்று பக்கத்தில் எழுதிவிடுவார்கள். விலை பாதியாகும், பல நேரம் பாதிக்கும் கீழே போகும்.

இதில் ஒரு கொடுமை. டின்னில் 1945, 1946 ஆண்டுப் பிரிட்டிஷ் பென்னிகள் சில இருந்தன. போர் முடியும் காலத்தில் லண்டன் நாணயச்சாலையே அந்தக் காசுகளை ரசாயனத்தில் நனைத்துக் கறுப்பாக்கித்தான் வெளியே விட்டது. புதுக் காசு மினுக்கினால் மக்கள் பதுக்கிவிடுகிறார்கள் என்று செய்த ஏற்பாடு. கறுப்புதான் அவற்றின் பிறவி நிறம். மற்ற எல்லாவற்றையும்விட அழுக்காகத் தெரிந்ததால், அவற்றுக்குத்தான் அந்த வீட்டில் அதிகத் தேய்ப்பு விழுந்திருந்தது.

1882: அழிந்துபோன எழுத்து

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது ஒரே காசோடு. விக்டோரியா கொண்டை போட்ட முகத்தோடு இருக்கும் பென்னி. அந்தக் கொண்டை முகம் 1860 முதல் 1894 வரை வந்தது. அவ்வளவு பழைய காசு எப்படி 1950-களின் சிப்பாய் பையில் என்று பேரன் கேட்டான். பிரிட்டனில் அவை செல்லுபடியாகவே இருந்தன; தாத்தா காலத்துக் காசும் புதுக் காசும் ஒரே கல்லாப்பெட்டியில் கிடந்த நாடு அது. பவுண்டை நூறாகப் பிரிக்கும் பதின்ம முறை 1971-இல் வந்த பிறகுதான் பழைய பென்னி மொத்தமாகப் போயிற்று. ஆக, பழமை மட்டும் அந்தக் காசுக்கு எதுவும் சேர்க்காது. தேய்ந்த கொண்டைப் பென்னிகள் இன்றும் கூறுகட்டி விற்கும் சரக்குதான்.

ஆனால் இதன் ஆண்டு 1882. அந்த ஆண்டுப் பென்னிகள் பர்மிங்ஹாமில் ஹீட்டன் என்ற தனியார் ஆலையில் அடிக்கப்பட்டவை. ஆண்டுக்குக் கீழே 'எச்' என்று சின்ன எழுத்து இருக்கும். எச் உள்ளது சாதாரணம். எச் இல்லாத 1882 மிக மிக அரிது. தேய்ந்த நிலையில்கூட ஏலக்காரர்கள் தனிப் பக்கம் ஒதுக்கும் காசு.

இந்தக் காசில் எச் தெரியவில்லை.

எழுத்து முதலிலிருந்தே இல்லையா, தேய்ந்து போயிற்றா? இதைச் சொல்ல வேண்டியது ஆண்டுக்குக் கீழுள்ள அந்தக் குட்டி வெளிதான். எழுத்து இருந்து மறைந்திருந்தால், சாய்ந்த வெளிச்சத்தில் அதன் நிழலாவது தெரியும்; பழுப்புப் படலம் எழுத்து இருந்த இடத்தில் வேறு அடர்த்தியில் படிந்திருக்கும். நாரும் புளியும் அந்த இடத்தை ஒரே சமமாக்கிவிட்டன. விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சந்தையில் நிரூபிக்க முடியாத அரிய காசு, சாதாரணக் காசின் விலைக்குத்தான் போகும். அதுவும் தேய்த்த சாதாரணக் காசின் விலைக்கு.

நிலையையும் அரிய தன்மையையும் இரண்டு தனித்தனி மதிப்பெண்ணாக வைத்துக் கூட்டிப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கூட்டல் கணக்கு எனக்கு ஒப்புக்கொள்வதில்லை. இந்த 1882-இல் காசின் நிலைதான் அது அரிதா என்று சொல்ல வேண்டிய சாட்சி. சாட்சியின் வாயை அடைத்த பிறகு வழக்கே இல்லை.

குறைவாக அடித்த காசு, மலிவான காசு

டின்னில் ஒரு 1946 ஆஸ்திரேலியப் பென்னி இருந்தது. போர் ஆண்டுகளில் மில்லியன் கணக்கில் அடித்துத் தள்ளியவர்கள் 1946-இல் சில லட்சத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் சேகரிப்பாளர்கள் தேடும் ஆண்டு. இதோடு பிரிட்டனின் 1951 பென்னியை வைத்துப் பாருங்கள். அடித்தது 120,000 மட்டும், அதாவது 1946-ஐவிடவும் குறைவு. அப்படியென்றால் 1951-தானே விலை கூட இருக்க வேண்டும்? புழங்காத நிலையில் பார்த்தால் 1946-இன் விலை 1951-ஐப் பல மடங்கு தாண்டும்.

காரணம் அந்தக் காசுகள் வாழ்ந்த வாழ்க்கை. 1951 பென்னியில் பெரும்பகுதி பெர்முடாவுக்கு அனுப்பப்பட்டது. காசு வணிகர்கள் அங்கிருந்து அவற்றைப் புதிதாகவே மீட்டுக்கொண்டு வந்தார்கள். மொத்த எண்ணிக்கை சிறியது, ஆனால் நல்ல நிலையில் நிறைய மிச்சம். 1946-ஐ அன்று யாரும் எடுத்து வைக்கவில்லை. 1966-இல் ஆஸ்திரேலியா பதின்ம முறைக்கு மாறும்வரை இருபது வருடம் எல்லார் கையிலும் உருண்டது. தேய்ந்த 1946 வேண்டுமானால் கிடைக்கும், சில பத்து டாலருக்குள் முடியும். சிவப்பு மாறாத 1946-ஐத் தேடினால்தான் ஆயிரக்கணக்கில் பேசுவார்கள். நாணயச்சாலைக் கணக்கேட்டில் உள்ள எண் ஒரு தொடக்கம்தான். விலையைத் தீர்மானிக்கும் எண் வேறு: இன்ன நிலையில் இன்று எத்தனை மிச்சம்.

1930-க்கு மட்டும் இந்தக் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று கேட்கலாம். பொருந்துகிறது. எந்த நிலையிலும் மிச்சம் குறைவு என்பதால், முத்து ஒன்றுகூடத் தெரியாத 1930-கூடப் பல்லாயிரம் ஆஸ்திரேலிய டாலர் பெறும்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் டின்னிலேயே கிடந்தது. செய்தித்தாளில் சுருட்டிய 1964 ஆஸ்திரேலியப் பென்னிகள் சில. ஆஸ்திரேலியா பென்னி அடித்த கடைசி ஆண்டு. சுருள் பிரிக்கப்படாததால் புளிக்குத் தப்பின. நடுவில் இருந்தவற்றில் கங்காரு அன்று அடித்ததுபோலச் சிவந்து நின்றது. அம்மாவே அசந்துபோய், "இது எப்படித் தேய்க்காமலே மின்னுது?" என்றார். கண்ணுக்கு டின்னிலேயே அழகான காசு அதுதான். ஒன்று சில ரிங்கிட் பெறும். பல பத்து மில்லியன் அடித்த ஆண்டு அது. கடைசி ஆண்டு என்று எடுத்து வைத்தவர்களும் ஏராளம்.

சதுரக் காசுகளைப் பற்றிச் சுருக்கமாக: எல்லாம் 1939-க்கும் 1945-க்கும் இடைப்பட்டவை, எல்லாம் தேய்த்தவை, எல்லாம் சாதாரணம்.

பென்சில் பெட்டி

டின்னில் இல்லாத ஒரு காசுதான் கடைசியில் எல்லாவற்றையும் மிஞ்சியது. அம்மா பள்ளிக்கூடத்தில் படித்தபோது அப்பாவிடம் கேட்டு வாங்கி, வட்டம் போட உதவும் என்று பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்ட பென்னி. பெட்டி அலமாரிக்குள் போனதால் புளி நாளில் அது கண்ணில் படவில்லை. பேச்சுவாக்கில் நினைவு வந்து எடுத்துவந்தார்.

1918. ஆண்டுக்கு இடப்பக்கம் பொடியாக 'கே.என்.' என்று எழுத்து. முதல் உலகப் போரின்போது லண்டன் நாணயச்சாலைக்குக் கை போதாமல், பர்மிங்ஹாமின் ஹீட்டனுக்கும் கிங்ஸ் நார்ட்டன் ஆலைக்கும் வேலை கொடுத்தார்கள். லண்டன் 1918 எங்கும் கிடைக்கும். கே.என். கிடைப்பது கடினம், கிடைப்பதும் பெரும்பாலும் தேய்ந்து கிடக்கும். அச்சே மெலிவாக விழுந்தவையும் உண்டு என்பதால் தேய்மானத்தையும் அச்சுக் குறையையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். இந்தக் காசில் பின்பக்கத்துப் பிரித்தானியா அம்மை உருவத்தின் தலைக்கவசம் தெளிவு. மன்னர் காதுக்கு மேல் முடிக்கற்றைகள் பாதிக்கு மேல் இருந்தன. 'வெரி ஃபைன்' என்று தயங்காமல் சொல்வேன். முக்கியமாக, ஒரே சீரான சாக்லேட் பழுப்பு. யாரும் கை வைக்காத தோல்.

டின்னில் இருந்த அத்தனையையும் சேர்த்தால் வரும் தொகையைவிட அந்த ஒன்று அதிகம் பெறும் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. "இவ்வளவு கறுப்பா இருக்கே!"

விற்பனை

பினாங்கில் பழங்காசு என்றால் முதலில் வாயில் வருவது லோரோங் கூலிட் சந்தை. சுற்றிப் பார்க்க நல்ல இடம். நானும் விடிகாலையில் போகிறவன்தான். ஆனால் பென்னி விற்கச் சரியான இடம் அதுவல்ல. இங்கே வாங்குகிறவர்கள் தேடுவது நீரிணைக் குடியேற்றக் காசு, மலாயாக் காசு, ஜப்பானியர் காலத்து வாழைமரப் படம் போட்ட பணத்தாள். பென்னிக்கு ஆள் இங்கே குறைவு, ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் அதிகம். எவ்வளவு அரிதானாலும் தேடுகிறவன் இல்லாத ஊரில் அது செம்பு எடைதான். பென்னி ஒன்று ஒன்பதரை கிராம்கூட வராது. எடைக்குப் போட்டால் தேத்தண்ணிக்குக்கூட ஆகாது.

1918 கே.என். காசை மட்டும் தனியாகப் படமெடுத்து, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்குக் காட்டி விற்கச் சொன்னேன். படம் சாய்ந்த பகல் வெளிச்சத்தில், இருபக்கமும், திருத்தம் எதுவும் செய்யாமல். தர நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று பேரன் கேட்டான். கட்டணம், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்ந்து காசின் விலையைப் பெருமளவு தின்றுவிடும். அந்தச் செலவு மிக அரிய காசுக்கும் உச்ச நிலைக் காசுக்கும்தான் கட்டும். ஆஸ்திரேலிய 1946 பென்னியை, சுத்தம் செய்யப்பட்டது என்று வெளிப்படையாக எழுதி விற்றார்கள். தேய்க்காமல் இருந்திருந்தால் வரக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது என்பது என் மதிப்பீடு. மற்றவை விற்கவில்லை. 1964 பென்னிகளைப் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்கப் போவதாக அம்மா சொன்னார். அட்டைச் சட்டத்தில் போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வைக்கச் சொன்னேன். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். நம் வெப்பத்துக்கு அது கசிந்து காசில் பச்சை பிடிக்கும். கையில் எடுத்தால் விளிம்பைப் பிடிக்க வேண்டும்; செம்பில் விரல் ரேகை பதிந்தால் போகாது.

1882 இன்னும் பேரனிடம் இருக்கிறது. நுண்நோக்கி வைத்திருக்கும் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். எச் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்பது அவன் எண்ணம். ஒருவர் சொன்னால் போதாது, வாங்குகிறவரும் அதை நம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு அவன் சொன்ன பதில்: "பார்த்துட்டு வந்து சொல்றேன் அங்கிள்." பார்க்கட்டும். பாட்டியிடம் மட்டும் அந்தக் காசை இனிமேல் கொடுக்காதே என்றேன்.